விறகுக் கட்டையும் காபியும்

பாரிஸ் போகிறவர்கள் பையில் ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். குரோசானுக்கு எந்தத் தெரு, எக்ளேருக்கு எந்தக் கடை என்று. நானும் அப்படித்தான் போனேன். முதல் இரண்டு நாள் மெட்ரோ பிடித்து நகரின் மறுகோடிக்குப் போய் வரிசையில் நின்று, நீளமான பகெத் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். ரொட்டி அருமைதான். அறையில் இரவு எடுத்துப் பார்த்தால் விறகுக் கட்டை.

ரொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான் அதன் கதை. வெண்ணெயோ எண்ணெயோ சேராததால் காலையில் வாங்கியது மாலைக்குள் இறுகிவிடும். 'த்ரதிசியோன்' என்ற பெயரில் விற்கும் ரொட்டியில் ரசாயனச் சேர்மானம் கூடாது, உறைய வைத்த மாவும் கூடாது என்று 1993-ல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர் முறுகல் தோசையை டிபன் பாக்ஸில் அடைத்து ஊரைச் சுற்றிக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதேதான்.

மூன்றாம் நாள் விடுதிக்குக் கீழே, தெருமுனையில் இருந்த கடைக்குள் நுழைந்தேன். பலகையில் 'பூலான்ஜரி' என்று இருந்தது. மாவு பிசைவது முதல் சுடுவது வரை எல்லாவற்றையும் அதே இடத்தில் செய்பவர்தான் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்பது 1998-ல் வந்த சட்டம். முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் கை நீட்டினால் முகம் மாறிவிடும். முன்னால் நின்ற பாட்டி, நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார். நானும் அதையே கேட்டேன். குரோசானில் நேராக இருப்பது பெரும்பாலும் வெண்ணெயில் செய்தது, பிறை போல வளைந்தது மார்ஜரினாக இருக்கலாம் என்பதும் அங்கே நின்றபோது பிடிபட்டதுதான்.

பாரிஸ் நகரம் ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்குப் போட்டி வைக்கிறது. வென்றவர் ஓராண்டு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி தர வேண்டும். 2023-ல் வென்றவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் 'பாண்' என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பிரெஞ்சுக்காரர்களின் சொல்லும் அதே லத்தீன் வேரில் முளைத்தது. செல்வராஜாவின் கடை இருப்பது 20-வது வட்டாரத்தில். அந்தத் தெருக்காரர்களுக்கு அதுவும் கீழே இறங்கி வாங்கிவரும் முனைக்கடைதான்.

ஐந்தாம் நாள் காலை என் கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. வார விடுமுறை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். பட்டியல் பையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. மாடியேறி, முந்தின நாள் மிச்சமிருந்த விறகுக் கட்டையை உடைத்துக் காபியில் தோய்த்துத் தின்றேன்.