கையெழுத்துக்கு அஞ்சாதே!

நிதி கேட்டு வந்த விண்ணப்பக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஏன் நடுங்குகிறாய்? மற்றவர்கள் எல்லோரும் போட்ட பிறகு கடைசியாகக் கையெழுத்துப் போடலாம் என்று காத்திருப்பவனுக்கு கிராண்ட்ஸ் ஆபீசர் என்ற பதவி எதற்கு? முடிவெடு! அதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவைப் படித்திருப்பாய். குறைந்தது 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அந்த சிஎஸ்ஆர் (பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தின் வாசலில் நிற்பவன் நீ. குனிந்து நிற்கலாமா?

துணிச்சல் வேண்டுமென்றால் விண்ணப்பத்தைக் கடைசியிலிருந்து படி. பட்ஜெட் அங்கேதான் இருக்கும். முதல் பக்கத்துப் பளபளப்பான படத்திலும் மிடுக்கான ஆங்கிலத்திலும் மயங்காதே! பெண்களுக்குத் தையல் பயிற்சி என்பார்கள். இயந்திரத்துக்கும் பயிற்றுநருக்கும் தொகை எழுதியிருப்பார்கள்; துணிக்கும் நூலுக்கும் ஒரு பைசா இருக்காது. அப்புறம் எதைத் தைப்பது? தேனிக்குக் கேட்ட விண்ணப்பத்தின் நடுவே திடீரென்று தருமபுரி தலைகாட்டும். பழையதை வெட்டி ஒட்டியவர் ஊர்ப்பெயரை மாற்ற மறந்திருப்பார். (இதைக் கண்டுபிடிக்க எம்.பி.ஏ. வேண்டாம், பொறுமை போதும்.)

இன்னொரு விண்ணப்பம் வரும், நாலே பக்கம், வரிக்கு வரி எழுத்துப்பிழையோடு. ஆனால் எந்தத் தெருவில் இடம், வாடகை எவ்வளவு, தைத்ததை வாங்கப்போகும் கடை எது என்று எல்லாம் இருக்கும். மேலதிகாரி அதை ஒதுக்கச் சொன்னால், “ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் சார்” என்று சொல். சொல்லிவிட்டுப் பஸ் ஏறு!

“நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சட்டமே சொல்கிறது” என்று தொண்டு நிறுவனத்தின் கணக்காளர் சம்பளத்தை ஒருவர் வெட்டுவார். வாய்மூடி இருக்காதே! அந்த வரம்பு கம்பெனியின் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவுக்கு. விதியை எடுத்து மேசைமேல் வை. விதி தெரிந்தவன் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை.

நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் போன் மேல் போன் வரும். “நமக்குத் தெரிந்த டிரஸ்ட்தான், பார்த்துப் போட்டுவிடு.” இந்தப் பணத்தைப் பெற்றுத் திட்டம் நடத்தும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்று கேள். பதிவு இருந்தாலும் கணக்கு உதைத்தால், முடியாது என்று சொல். செலவாகாத பணத்தைப் பிரதமர் நிவாரண நிதி போன்றவற்றில் கட்டச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அவசரத்தில் தப்பான கையில் கொடுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மறுக்கும்போதும் நிமிர்ந்து மறு. “வருந்துகிறோம்” என்ற ஒற்றை வரிக் கடிதம் கோழைத்தனம். எந்தத் தொகை பொருந்தவில்லை, எந்த ஆவணம் இல்லை என்று எழுது. அடுத்த ஆண்டு அவர் சரிசெய்துகொண்டு வரட்டும்.

உன் மேசையில் வாரக்கணக்கில் தூங்கும் கோப்பு எது? எடு அதை. இன்று மாலைக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதி, காரணத்தையும் எழுதி, கீழே உன் முழுப்பெயரைப் போடு!