இழுப்பு எங்கே இறங்குகிறது

இயர்போன் கெட்டால் பெரும்பாலும் அது காதுப் பக்கத்தில் கெடுவதில்லை. ஒலி எழுப்பும் சவ்வு நன்றாக இருக்கும். வயரின் நீளமும் முழுசாக இருக்கும். கெட்டிருப்பது வயர் பிளக்குக்குள் நுழைகிற அரை அங்குல இடம். முதலில் ஒரு பக்கம் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். வயரைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் திரும்ப வரும். சில நாளில் திருகினாலும் வராது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ சில வெள்ளிக்கு ஒன்று வாங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மலிவுப் பொருள் அப்படித்தான் என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிடுகிறோம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஊரெல்லாம் ஒரு பொருள் ஒரே இடத்தில் சாகிறதென்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அந்த இடத்தைப் பற்றி யாரோ யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது யோசித்த பிறகும் விட்டிருக்கிறார்கள்.

அந்த வயரை வெட்டிப் பார்த்தால் தலைமுடிபோல மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க அவற்றின் மேல் வண்ண மெழுகுபோன்ற ஒரு பூச்சு. வலப்பக்கத்துக்குப் பெரும்பாலும் சிவப்பு, இடப்பக்கத்துக்குப் பச்சை அல்லது நீலம். இழைகளோடு சேர்ந்து நூலும் ஓடும். இழுப்பைத் தாங்குவதற்காக வைத்தது அந்த நூல். செம்பின் வேலை ஒலியைக் கொண்டுபோவது மட்டுமே. நல்ல பிளக்கில் வயரின் உறையையும் நூலையும் பிளக்கின் கூடு இறுகக் கவ்விக்கொள்ளும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அந்த விசை கூட்டில் போய் இறங்கும். மோசமான பிளக்கில் கவ்வுவதற்கு ஒன்றும் இருக்காது. இழுக்கிற ஒவ்வொரு தடவையும் விசை நேராக ஈயப்பற்றில் இறங்குகிறது. மின்சாரத்தைக் கடத்துவதற்காக வைத்த ஒரு துளி ஈயம், எடை தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாகிறது. அது எத்தனை நாள் தாங்கும்?

இழுப்பு ஒரு பக்கம் என்றால் வளைவு இன்னொரு பக்கம். பிளக் கெட்டி, வயர் மென்மை. கெட்டியும் மென்மையும் திடீரென்று சந்திக்கிற எல்லையில்தான் வளைவு முழுவதும் குவியும். செம்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்தால் இறுகும், இறுகியபின் வெடிக்கும். அதனால்தான் பிளக்கின் கழுத்தில் ரப்பர் உறை ஒன்றை, போகப் போக மெலிந்துகொண்டே போகும்படி அமைக்கிறார்கள். கெட்டி கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாக மாறினால் வளைவும் பரவிவிடும். நீடித்து உழைக்கிற இணைப்பை எஃகு போல் இறுக்கிச் செய்துவிட முடியாது. எந்த இடம் வளையலாம், எந்த இடம் வளையக் கூடாது என்பதை முன்பே தீர்மானித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பிளக்கின் வம்சம் பழையது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878 ஜனவரியில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறந்தது. இணைப்பகங்கள் பெருகியபோது, இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்து நாள் முழுவதும் அழைப்புகளை மாற்றி மாற்றிச் செருகும் பெண்களின் கைகளுக்கு ஏற்ற ஒன்று தேவைப்பட்டது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்கிரிப்னரும் மற்றவர்களும் மெருகேற்றிய அந்த 6.35 மில்லிமீட்டர் பிளக்தான் இன்றும் கித்தாரில் செருகப்படுகிறது. அதன் சின்னத் தம்பி 3.5 மில்லிமீட்டர். 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்து அதை உலகத்தின் சட்டைப்பைக்குள் போட்டது. உருளை வடிவம், மேல் கீழ் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் போகும். நுனிக்குப் பின்னால் ஒரு பள்ளம். துளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதில் விழும்போது கை அதை உணரும். ஒவ்வொரு முறை செருகும்போதும் உலோகம் உலோகத்தோடு உரசி, மேலே படிந்த அழுக்கைத் துடைத்துக்கொள்ளும். வியர்வையும் ஈரமும் குறையாத நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த உரசல் சின்ன உதவி இல்லை.

கண்ணால் பார்க்காமலே செருக முடிகிறது என்பது எவ்வளவு பெரிய குணம் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் புடைத்த ஓடுகள், வெள்ளைத் தடிகள், பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் எல்லாம் இந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. பார்வையற்ற ஒருவருக்கு இயர்போன் பாட்டுக் கேட்கும் ஆடம்பரப் பொருள் அல்ல. திரையில் உள்ளதைக் கைப்பேசி அவருக்கு வாசித்துச் சொல்கிறது. இயர்போன் இல்லையென்றால் வங்கிக் கணக்கின் இருப்பும், மருத்துவர் அனுப்பிய செய்தியும், வீட்டுச் சண்டையும் ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். அமெரிக்காவில் ஏ.டி.எம். இயந்திரங்கள் பேச வேண்டும், இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர் மட்டுமே அந்தப் பேச்சைக் கேட்க வழி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் சொல்கின்றன. அங்குள்ள இயந்திரங்களில் ஹெட்போன் துளை இருப்பது அதனால்தான். வயரில்லாத இயர்போன் இருக்கிறதே என்பார்கள். அதில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். விரல் நகர்ந்த பிறகு சொல் வந்தால், திரையைக் காதால் படிக்கிறவருக்கு அது தடுமாற்றம்தான். அதற்குத் தனியாகச் சார்ஜும் போட வேண்டும்.

2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் இந்தத் துளையை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே சிலர் எடுத்திருந்தார்கள், பின்பு பலர் எடுத்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பழையதை முழுக்கப் புகழவும் முடியவில்லை. 3.5 துளையில் தேயக்கூடிய ஸ்பிரிங்குகள் கைப்பேசிக்குள் இருந்தன. வழக்கமாக 5,000 தடவை செருகி எடுக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்றால் மூன்று வருடம்கூட வராது. தேய்ந்தால் திறக்க வேண்டியது விலை உயர்ந்த கைப்பேசியை. 2014-ல் வெளிவந்த யுஎஸ்பி-சி இந்த வேலைப் பங்கீட்டை மாற்றியது. கைப்பேசிக்குள் இருப்பது அசையாத ஒரு நாக்கு; தேய்கிற ஸ்பிரிங்குகளை வயரின் முனைக்கு அனுப்பிவிட்டார்கள். 10,000 தடவை தாங்க வேண்டும் என்பது அதன் விதி. அதைவிட முக்கியம், முதலில் தேய்வது மலிவான வயர், கைப்பேசி அல்ல.

இந்த ஞானம் நமக்குப் புதிதல்ல. ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் நாதஸ்வரத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஆச்சா மரத்தில் கடைந்த அதன் உடல் தலைமுறை தாண்டி நிற்கும். உதட்டில் படும் சீவாளி எச்சிலில் நனையும், பிளவுபடும், சில காலத்தில் பயனற்றுப் போகும். போகும் என்று தெரிந்துதான் அதைத் தனியாகச் செய்தார்கள், கையால் கழற்றி மாட்டும்படி செய்தார்கள், மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். எது தேயும் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது. இயர்போன் செய்கிற பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்த நேர்மை இன்னும் வரவில்லை. வயரைப் பிளக்கோடு சேர்த்து ரப்பரில் வார்த்து மூடிவிடுகிறார்கள். பழுது பார்க்கிறவர் கத்தியால் அறுத்தால்தான் உள்ளே போக முடியும். அறுத்த பிறகு அந்தப் பிளக் இல்லை.

பொருத்துகிற கையைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கை நம் ஊர்க் கை. 1965-ல் தொடங்கப்பட்ட மட்சுஷிட்டாவின் மலேசிய நிறுவனம் ஷா ஆலமில் காலூன்றியது. 1970-களில் சுங்கை வே, உலு கிள்ளான் தடையற்ற வாணிப மண்டலங்கள் வந்தன. சோனி 2021-ல் தன் பினாங்கு ஆலையை மூடிச் சிலாங்கூர் ஆலையோடு இணைக்கப்போவதாக அறிவித்தது; அதன் ஹெட்போன்கள் பல மலேசியாவில் செய்தவை. இந்த ஆலைகளின் வரிசைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள், ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். குவாலா லங்காட் வட்டாரத்து ஆலைகளில் மலாய்ப் பெண்களிடையே ஆய்வு செய்து ஐஹ்வா ஓங் என்ற மானுடவியலாளர் 1987-ல் ஒரு நூல் வெளியிட்டார். வேலையின் இறுக்கத்தில் பெண்கள் ஆவி பிடித்ததுபோல் கூச்சலிட்டு விழுந்ததை அவர் அதில் பதிந்திருக்கிறார். நுண்ணோக்கியில் கண் வைத்து, மயிரிழைச் செம்பைப் பற்றவைக்கும் ஒருத்திக்கு, பிளக்கில் ஒரு பாகம் கூடினால் அது அவள் நாளில் கூடுகிற பாரம். 'எளிதில் பொருத்தக்கூடியது' என்று வரைபடத்தில் எழுதுகிறவர் உண்மையில் அவள் கழுத்தையும் கண்ணையும் பற்றித்தான் எழுதுகிறார்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ ஒருவர். 1961-ல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு சிறிய பொத்தானுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் வைக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை வைக்க மறந்தார்கள். கவனமாக இருங்கள் என்று சொல்லிச் சொல்லி நிர்வாகம் அலுத்துப்போயிருந்தது. ஷிங்கோ யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பொத்தானைப் பொருத்தத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்கச் சொன்னார். வேலை முடிந்த பிறகும் தட்டில் ஒன்று மீதி இருந்தால் விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும். மறதியைச் சுமக்கும் பொறுப்பு மனிதரிடமிருந்து தட்டுக்கு மாறியது. பின்னாளில் பொறியாளர்கள் ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும் ஒவ்வொரு பாகத்திடமும் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: நீ மற்றவற்றைவிட்டுத் தனியாக அசைய வேண்டுமா? வேறு பொருளால் ஆகியிருக்க வேண்டுமா? கழற்றி மாட்டுவதற்காகப் பிரிந்திருக்க வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பாகம் தனியாகத் தேவையில்லை. லிக்டன்ஸ்டைனின் நியூட்ரிக் நிறுவனம் மேடை மைக் பிளக்குகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. திருகாணிகள் இல்லை. பின்மூடியைக் கையால் திருகினால் உள்ளிருக்கும் கவ்வி வயரின் உறையைச் சுற்றி இறுகும். இழுப்பு கவ்வியில் நின்றுவிடும், ஈயம் நிம்மதியாக இருக்கும். நாடக மேடைக்குப் பின்னால் அவசரத்தில் அதைத் திறந்து பற்றவைத்து மூடிவிடலாம்.

இப்படி ஒன்று முடியும் என்றால் கைப்பேசிக்கு வாங்கும் இயர்போனில் ஏன் முடியாது? விலை என்பார்கள். கவ்விக்குச் சில காசு, கழுத்து ரப்பருக்கு இன்னும் சில காசு. அந்தக் காசை மிச்சப்படுத்தும்போது இழுப்பு மறைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவே. கூடு தாங்க வேண்டியதை ஈயம் தாங்குகிறது. ஈயம் விட்டதும் அது வாங்கினவர் பையில் இறங்குகிறது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் வாங்குகிறார், பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்தான் அடிக்கடி வாங்குகிறார். அவர் தூக்கிப் போட்டதும் அது மண்ணில் இறங்குகிறது. உலகம் 2022-ல் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்றும், அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாக மறுசுழற்சிக்குப் போகவில்லை என்றும் ஐ.நா. சார்பு அறிக்கை சொல்கிறது. கழிவு எங்கே போய் இறங்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்: 2018-ல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்தபோது கொள்கலன்கள் கிள்ளான் துறைமுகத்தை நோக்கித் திசை திரும்பின. ஜெஞ்சாரோமில் அனுமதியில்லா ஆலைகள் இரவில் பிளாஸ்டிக்கை எரித்தன, மக்கள் மூச்சுத் திணறினார்கள். ஜெஞ்சாரோம் இருப்பது அதே குவாலா லங்காட் மாவட்டத்தில். உலகத்தின் மின்னணுப் பொருள்களைப் பெண்கள் பொருத்திக் கொடுத்த மண்ணுக்கே உலகத்தின் கழிவு திரும்பி வந்தது.

எந்த இணைப்பிலும் இழுப்பு இருக்கத்தான் செய்யும். அதை யார் சுமப்பது என்ற முடிவை வரைபட மேசையின் முன் உட்கார்ந்த ஒருவர் எடுக்கிறார். தாங்கக்கூடிய இடத்தில் அதை இறக்கினால் மெல்லிய பாகங்கள் தம் வேலையைச் செய்துகொண்டு நெடுநாள் வாழும். இறக்காமல் விட்டால் அது தானாகவே மிக மெல்லிய இடத்தைத் தேடிப் போகும், ஏனென்றால் விசைக்கு அதைத் தவிர வேறு வழி தெரியாது. பொருள்களில் மட்டும் நடப்பதல்ல இது. தோட்டத்தை விட்டு ஆலைக்கு வந்த குடும்பங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஷா ஆலமிலும் பாங்கியிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பொறியாளர்களாக உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வயர் ஒன்றின் வரைபடம் உங்களிடம் வந்தால், அதைப் பொருத்தப்போகிறவளிடம் ஒரு மாதிரியைக் கொடுத்துச் செய்துபாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பார்வையற்றோர் சங்கத்துக்கு எடுத்துப்போய்ப் பார்வையற்ற ஒருவரைச் செருகச் சொல்லுங்கள். புடுவில் ஜாலான் பாசார் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். மூவரும் சரி என்ற பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிற நாமும் வயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஹெட்போனைக் கேட்டு வாங்குவோம். கடையில் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு வருவோம்.