ஐம்பத்தொரு விழுக்காடு உண்மை

2003ஆம் ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு தம்பதி தங்கள் சின்ன மகனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலில் வீக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு முறிவுகள் தெரிந்தன. நல்ல உடல்நிலையில் இருக்கும் குழந்தைக்கு எலும்பு இப்படி முறியாது, யாரோ முறுக்கியிருக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். பெற்றோர் இல்லவே இல்லை என்றார்கள். 2004இல் குடும்ப நீதிமன்றம் மருத்துவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பையனோடு மற்ற இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, 2005இல் மூவரையும் தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

நான்காவது குழந்தை உண்டானபோது அந்தத் தாய் அயர்லாந்துக்குப் போய்ப் பெற்றெடுத்தாள். ஊர் திரும்பியதும் அந்தக் குழந்தைக்காகவும் வழக்கு. இந்த இரண்டாவது வழக்கில்தான் வேறு மருத்துவர்கள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தார்கள். பையன் வேறு எதையும் சாப்பிட மறுத்து சோயாப் பாலிலேயே வளர்ந்தவன். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வியால் எலும்பு நொய்ந்துபோயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. கப்பல் மாலுமிகளுக்கு வந்த நோய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். 2007இல் நான்காவது குழந்தை தொடர்பாகத் தொடுத்த வழக்கை உள்ளூர்க் கவுன்சில் கைவிட்டது. அந்தக் குழந்தை வீட்டிலேயே வளர்ந்தது.

மூத்த மூவரையும் கேட்டு அவர்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அநீதி நடந்திருக்கலாம் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வேறு வீட்டில் வேர்விட்டுவிட்டார்கள், தத்து ஆணையைக் கலைக்க முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது உண்மைதான். அதற்குள் கோவலன் போய்விட்டான்.

இதைப் படித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். திட்டுவதற்கு முன் விக்டோரியா கிளிம்பியேயின் கதையையும் படிக்க வேண்டும். ஐவரி கோஸ்ட்டிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு லண்டன் வந்த ஏழு வயதுச் சிறுமி. உடம்பெல்லாம் காயத்தோடு 1999இல் மருத்துவமனைக்கு வந்தாள். சந்தேகம் எழுந்தது. மூத்த மருத்துவர் ஒருவர் பார்த்து, இது சொறிசிரங்கு என்றார். விசாரணை அத்தோடு தளர்ந்தது. அந்த உறவுக்காரியும் அவளோடு வாழ்ந்த ஆணும் சேர்ந்து செய்த சித்திரவதையில் 2000 பிப்ரவரியில் அவள் செத்துப்போனாள். பிரேதப் பரிசோதனையில் 128 காயங்கள், தழும்புகள். அந்தச் சாவை விசாரித்த லேமிங் பிரபுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கை அவளைக் காப்பாற்றக் கிடைத்து நழுவிய வாய்ப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. படித்து முடிக்க மனத்திடம் வேண்டும்.

ஆக, அங்கே கொடுமையை நோய் என்று வாசித்தார்கள். இங்கே, பின்னால் வந்த மருத்துவர்கள் சொன்னது சரியென்றால், நோயைக் கொடுமை என்று வாசித்தார்கள். இரண்டு இடத்திலும் பேச வாய் இல்லாத குழந்தை, படித்த மருத்துவர், அவர் சொன்ன ஒரு வரி. அந்த அறிக்கை வந்த அதே 2003இல்தான் நார்ஃபோக் பையனும் மருத்துவமனைக்குப் போனான். ‘இன்னொரு விக்டோரியாவைத் தவறவிட்டுவிடக் கூடாது’ என்ற பயம் நாடு முழுக்க இருந்த காலம் அது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

குடும்ப நீதிமன்றம் ஒரு சம்பவம் நடந்ததா என்று முடிவுசெய்ய, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தைக் கேட்பதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காமலிருக்க வாய்ப்பு அதிகமா என்று மட்டும் பார்க்கிறது. தராசு ஐம்பத்தொன்றுக்குச் சாய்ந்தால் போதும். 2008இல் பிரபுக்கள் சபையில் நீதிபதி ஹோஃப்மன் பிரபு இதை இன்னும் துல்லியமாகச் சொன்னார்: சட்டத்தில் இருப்பது பூஜ்யமும் ஒன்றும்தான். ‘இருக்கலாம்’ என்பதற்கு இடமில்லை. ஐம்பத்தொன்று என்று தீர்மானமானால் அது நடந்த உண்மை. நாற்பத்தொன்பது என்றால் நடக்கவே இல்லை. ஒரு குழந்தையைக் காக்க அதற்கு மேல் ஆதாரம் கேட்டால் பாதிக் குழந்தைகளைக் கொடியவர்கள் கையில் விட்டுவிடுவோம் என்பது அதன் நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மீதி நாற்பத்தொன்பது எங்கே போயிற்று? கோப்பிலிருந்து அழிந்துவிட்டது. அடுத்து வரும் சமூகப் பணியாளர், உளவியலாளர், அடுத்த நீதிபதி எல்லாரும் அந்த ஐம்பத்தொன்றை நூறாகவே வாசிப்பார்கள். வாசிக்கவும் வேண்டும்; சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இங்கேதான் பெற்றோர் ஒரு விநோதமான சிக்கலில் மாட்டுகிறார்கள். ‘அடித்தேன், தவறுதான், இனி செய்யமாட்டேன், உதவி கொடுங்கள்’ என்று சொல்கிற தாயை நம்பி வேலை செய்ய முடியும் என்று அதிகாரிகள் நினைப்பார்கள். ‘நான் அடிக்கவே இல்லை’ என்று நிற்கிறவளை என்ன செய்வது? செய்ததை ஒப்புக்கொள்ளாதவள் மறுபடியும் செய்வாள் என்பது அவர்கள் கணக்கு. உண்மையிலேயே அடித்தவள் விஷயத்தில் இந்தக் கணக்கு சரி. அடிக்காதவள் விஷயத்தில்? அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு மறுப்பும் அவளுக்கு எதிரான இன்னொரு சாட்சி. விசாரணை முடிவை எதிர்த்தாள் என்பதே அவளுடைய குறைகளில் ஒன்றாகக் கோப்பில் ஏறுகிறது. கோபப்பட்டால் கட்டுப்பாடு இல்லாதவள். அழுதால் மனநிலை சரியில்லை. அமைதியாக இருந்தால் பிள்ளைமேல் பாசமில்லை.

செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் பிள்ளை கிடைக்கும் என்றால் சொல்வீர்களா? இந்தக் கேள்வியை நான் பலவாறு புரட்டிப் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடுவேன் என்றுதான் முதலில் தோன்றும். பிள்ளையைவிட மானம் பெரிதா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். ஆனால் அந்தப் பொய் அப்பாவோடும் அம்மாவோடும் முடிவதில்லை. நாளைக்கு வளர்ந்த மகன் கோப்பைப் பிரித்துப் படிப்பான்; ‘அம்மா என் காலை முறித்தாள், அவளே ஒப்புக்கொண்டாள்’ என்று இருக்கும். அதைவிட முக்கியமாக, நோய் நோயாகவே இருந்துவிடும். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள் என்ற நிம்மதியில் அந்தக் குழந்தைக்கு வைட்டமின் சி கொடுக்க யாருக்கும் தோன்றாது. மறுக்கிற பெற்றோர் தங்களுக்காக மட்டும் மறுக்கவில்லை. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கும் பட்சத்தில், குழந்தையின் உடம்பைப் பற்றிய உண்மைக்கு இருக்கும் ஒரே வக்கீல் அவர்கள்தான்.

உண்மையாக இருக்கும் பட்சத்தில். இந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் பேசக்கூடாது. தென் இங்கிலாந்தில் இன்னொரு இளம் தம்பதி. குழந்தைக்கு ரத்தக் கசிவு, எலும்பு முறிவு என்று குற்றச்சாட்டு. குழந்தை தத்துப் போயிற்று. 2015இல் குற்றவியல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மருத்துவக் காரணம் இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகைகள் கொதித்தன. குழந்தையைத் திருப்பிக் கொடு என்றது நாடு. குடும்ப நீதிமன்றம் அபூர்வமாக மறுவிசாரணைக்கு ஒத்துக்கொண்டது. கடைசியில் பெற்றோரே பின்வாங்கினார்கள். நீதிபதி விடவில்லை. உண்மை குழந்தைக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஆதாரங்களை முழுதும் கேட்டு, 2016இல் காயங்கள் பெற்றோரால் வந்தவையே என்று மறுபடியும் முடிவுசெய்தார். முந்தைய ஆண்டு கொதித்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாவது செய்தியைப் படித்திருப்பார்கள்? மறுவிசாரணையின் அருமை எனக்கு இந்த வழக்கில்தான் அதிகம் தெரிகிறது. பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தால்தான் எதிர்ப்புக்கு மதிப்பு என்பதில்லை. முடிவை அசைத்துப் பார்த்தும் அது நின்றது. இனி அந்தக் குழந்தையும் அதை நம்பலாம்.

நம் ஊர்ப் பத்திரிகைகளும் இதில் சளைத்தவை அல்ல. 2011இல் நார்வேயின் ஸ்டாவங்கர் நகரில் ஒரு வங்காளி தம்பதியின் இரண்டு குழந்தைகளை அங்குள்ள குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் சோறு ஊட்டினார்கள், பக்கத்தில் படுக்க வைத்தார்கள், அதற்காகப் பிள்ளையைப் பிடுங்கினான் வெள்ளைக்காரன் என்ற ஒற்றை வரியில் இந்தியா முழுக்க அது பேசப்பட்டது. 2023இல் ராணி முகர்ஜி நடித்துப் படமாகவும் வந்தது. கலாச்சாரம் காரணமல்ல என்றது நார்வே. வேறென்ன காரணம் என்று கேட்டால், குழந்தைகளின் அந்தரங்கம் காக்கும் சட்டம் வாயைக் கட்டுகிறது என்றது. இந்த வகை வழக்குகள் எல்லாவற்றிலும் இதுதான் நிலை. ஒரு தரப்பு ஊரறியக் கதறலாம், மறுதரப்பு பேசக்கூடாது. கதறல் கேட்கிறது என்பதற்காக அது முழு உண்மை ஆகிவிடாது. பேசாமலிருக்கும் துறை நியாயமாக நடந்தது என்றும் ஆகிவிடாது.

நார்வே விஷயத்தில் அதைச் சொல்ல ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2008இல் பிறந்து மூன்றே வாரத்தில் எடுக்கப்பட்ட ஒரு ஆண் குழந்தையின் வழக்கு. தாய் தன் பிள்ளையைப் பார்க்க வருடத்துக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், அதுவும் அதிகாரிகள் முன்னிலையில். அந்தச் சில மணி நேரங்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டவில்லை என்று எழுதினார்கள். ஒட்டவில்லை என்பதால் தத்து. இதற்கிடையில் அவள் கல்யாணம் செய்துகொண்டு இன்னொரு குழந்தையைத் தன் வீட்டிலேயே வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையை யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு குறைந்த சந்திப்புகளை வைத்து, புதிதாக நிபுணர் அறிக்கைகூட வாங்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு, 2019 செப்டம்பரில் பெரிய அமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நார்வே உச்ச நீதிமன்றம் நாட்டின் நடைமுறைகளை அதற்கேற்பத் திருத்தச் சொன்னது. தாய்க்கு 25,000 யூரோ இழப்பீடு. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பின்போது பையனுக்குப் பதினொரு வயது நெருங்கியிருந்தது. அவன் வளர்ப்பு வீட்டிலேயே இருந்தான்.

நீதிமன்றத்துக்கு ஒரு வருடம் என்பது இரண்டு வாய்தா. கைக்குழந்தைக்கு அது ஒரு ஆயுள். அதனால்தான் எதிர்ப்பைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் 1987இல் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்று இரண்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முதன்மையாக நம்பியது ஒரே ஒரு உடல் அறிகுறியை. அப்போது 28 நாள் வரை குழந்தையைத் தூக்கி வைக்கலாம். அந்த ஆணையை எதிர்க்கப் பெற்றோருக்கு வழியில்லை. பெற்றோர் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தபின் நீதிபதி பட்லர்-ஸ்லாஸ் விசாரித்தார். பெரும்பாலான குழந்தைகள் வீடு திரும்பினார்கள். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அந்த 28 நாளை எட்டு நாளாகக் குறைத்தது. பிறகு 2014இல் வழக்கை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம். நல்லதுதான். ஆனால் அதே சட்டம், கட்டாயம் தேவை என்றால் மட்டுமே வெளி நிபுணரை அழைக்கலாம் என்றும் சொல்கிறது. நார்ஃபோக் எக்ஸ்ரேயை இரண்டாவதாக ஒருவர் பார்ப்பது ‘கட்டாயம் தேவை’ என்று 2004இல் யாருக்குத் தோன்றியிருக்கும்? நேரத்தை நிபுணரிடம் மிச்சம்பிடித்தால், அது வேறு பெயரில் வரும் தாமதம்தான்.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகளின் குழந்தைக்கு முதுகின் கீழே நீலமாக ஒரு படர்ந்த மச்சம். நம் குழந்தைகள் பலருக்கும் பிறக்கும்போதே இருப்பது, வளர வளர மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அடிபட்ட கன்றல் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்த ஹெல்த் விசிட்டர் முகம் மாறிக் கேட்டாராம். பிறந்தபோதே மருத்துவமனையில் குழந்தையின் உடல்நலப் பதிவான சிவப்புப் புத்தகத்தில் அதை எழுதிவைத்திருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தப் பெண்மணி கேட்டது சரி. கேட்கத்தான் அவருக்குச் சம்பளம்.

அங்கே குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மச்சத்தைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஆள் வந்தால் கதவை அடைக்காதீர்கள்; பக்கத்து வீட்டுப் பையனை வைத்து மொழிபெயர்க்காமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வழக்குக்கு முந்தைய கடிதம் வந்துவிட்டால் இங்கிலாந்தில் பெற்றோருக்கு வருமானம் பாராமல் அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. அந்த 1989 குழந்தைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் குழந்தையைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாளை நீட்டினால், அது உங்கள் சம்மதத்தின்மேல் நிற்கும் ஏற்பாடு, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதைத் தெரிந்துகொண்டு, வழக்கறிஞரைக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். மருத்துவ அறிக்கை தவறு என்று பட்டால் முதல் விசாரணையிலேயே இரண்டாவது நிபுணரைக் கேளுங்கள். தத்து ஆணைக்குப் பிறகு கேட்டால், கிடைக்கும் பதில் நார்ஃபோக் தம்பதிக்குக் கிடைத்ததுதான்.