மரை வெட்டும் கையில் இருப்பது அறிவா?

டேப் என்ற மரைவெட்டும் கருவியைக் கையால் திருகி எஃகில் மரை வெட்டுவதற்கான விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். எம்6 மரைக்கு 5 மில்லிமீட்டர் துளை. எம்8 மரைக்கு 6.8 மில்லிமீட்டர். மூன்று டேப்புகள் கொண்ட செட்டில், முனை சரிந்த முதல் டேப்பில் தொடங்க வேண்டும். துளையின் அடி மூடியிருந்தால் மூன்றாவதில் முடிக்க வேண்டும். டேப் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து, எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று திருகினால் சீவல் ஒடிந்து விழும்.

இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் வீட்டுப் பட்டறையில் முதன்முதலாக டேப் போடும்போது அது துளைக்குள்ளேயே ஒடிந்துபோவதுண்டு. டேப் மிகக் கடினமான எஃகு; அதனாலேயே வளைந்துகொடுக்காமல் பட்டென்று முறியும். ஒடிந்த துண்டைச் சாதாரண ட்ரில் பிட்டால் குடைந்தெடுக்கவும் முடியாது. அவரிடம் இல்லாமல்போனது எது, அதை அறிவு என்று சொல்லலாமா என்பது தத்துவத்தில் இன்னும் தீராத வழக்கு.

ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்யத் தெரிந்திருப்பது வேறு என்று ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949-இல் வெளிவந்த 'தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்' நூலில் வாதிட்டார். திறமையாகச் செய்வதற்கு முன் ஒரு விதியை எண்ணிப்பார்த்தாக வேண்டுமென்றால், சரியான விதியைச் சரியான நேரத்தில் எண்ணுவதும் ஒரு செயல்தான். அதற்கு இன்னொரு விதி வேண்டும், இப்படியே முடிவில்லாமல் போகும். மரை வெட்டுவதில் இது தெளிவாகத் தெரிகிறது. அரைச்சுற்று முடியும் முன்பே நிறுத்தியாக வேண்டிய இடங்கள் வரும். அவை எவை என்று அரைச்சுற்று விதி சொல்வதில்லை.

வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, கருவியைப் பழகியவரின் கவனம் உள்ளங்கையில் நிற்பதில்லை, கருவியின் முனைக்குப் போய்விடுகிறது என்று விளக்கினார். டேப் நன்றாக வெட்டும்போது எதிர்ப்பு சீராக, லேசான கரகரப்போடு கைக்கு வரும். சீவல் அடைத்துக்கொண்டால் கைப்பிடி சற்று நகரும்; பிடியைத் தளர்த்தினால் நகர்ந்த அளவே திரும்பி வரும். முனை வெட்டாமல் நிற்க, தண்டு மட்டும் முறுக்கேறியிருக்கிறது என்று அதற்குப் பொருள். பழகியவர் உணர்வது உள்ளங்கை அழுத்தத்தை அல்ல, துளைக்குள் சிக்கிய முனையை.

தத்துவ அறிஞர்கள் ஜேசன் ஸ்டான்லியும் திமோதி வில்லியம்சனும் 2001-இல் ரைலை மறுத்தார்கள். செய்யத் தெரிவதும் ஓர் உண்மையை அறிவதுதான். இதைச் செய்ய இதுவே வழி என்று, செய்பவர் தம் நிலையிலிருந்து சுட்டி அறிகிறார் என்பது அவர்கள் வாதம். இந்த மறுப்பில் கைவேலைக்கு உரிய மரியாதை இருக்கிறது: தொழிலாளியின் கையில் இருப்பதை வெறும் பழக்கமென்று ஒதுக்க இது இடம் தருவதில்லை. ஆனால் ரைலும் பழக்கத்தையும் திறமையையும் ஒன்றாகக் கருதியவர் அல்லர். மேலும், 'இந்த இறுக்கத்துக்கு மேல் திருகக் கூடாது' என்பதில் வரும் 'இந்த' எதைச் சுட்டுகிறது என்பது கைப்பிடியைப் பிடித்திருப்பவருக்கே விளங்கும்.

முறுக்குவிசைக்கு ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் நழுவிவிடும் கிளட்ச்சை இயந்திரங்களில் பொருத்துகிறார்களே, அப்படியானால் கை அறிவதை எண்ணாகச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். அந்த எல்லை முன்கூட்டியே வைத்தது. டேப்பின் கூர் மழுங்குவது, எண்ணெய் வற்றுவது, உலோகத்தில் இறுகிய இடம் வருவது ஆகியவற்றைப் பழகிய கை ஒவ்வொரு திருகலிலும் பிரித்தறிந்து எல்லையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இதைக் கற்றுக்கொடுப்பவர்கள் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், கழிவுத் துண்டில் கற்பவரையே திருகவிட்டு, முறுக்கேறும் அந்தக் கணத்தில் 'இதுதான்' என்று காட்டிக்கொடுக்கிறார்கள்.