யாரைக் காக்க வைக்கிறோம்?

அழைப்பிதழில் "மாலை மணி 6.00" என்று அச்சடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆச்சே, 4.30 முதல் 6 வரை இராகு காலம். அது முடியட்டும் என்று நிமிடக் கணக்குப் பார்த்துத்தான் அந்த நேரத்தைப் போட்டிருப்போம். ஆனால் குத்துவிளக்கு ஏற்றும்போது மணி 7.15 ஆகியிருக்கும். சலங்கை கட்டிய சின்னப் பிள்ளைகள் ஒப்பனை கலைந்து, பசியோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை, திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தைப் பற்றிப் பேச வந்தவரே ஒரு மணி நேரம் தாமதம். யாராவது முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "விடுப்பா, தமிழன் டைம் அப்படித்தான்."

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். உண்மையிலேயே தாமதம் நம்ம ரத்தத்தில் இருக்கா?

என் பாட்டியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, தூங்குற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்பாராம். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றையக் கூலி போச்சு.

அந்த அவசரத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியும் முன்னேதான் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். மரம் யாருக்காகவும் காத்திருக்காது. பேராக் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான நம்ம ஆட்கள் பல தலைமுறையாக இருட்டில் எழுந்து போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளான நாம்தான் "தமிழன் டைம்" என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

பாட்டியிடம் கேட்டேன், "அப்போ உங்களுக்கு நேரத்து மேல அவ்வளவு மரியாதையா பாட்டி?"

"மரியாதையாவது ஒண்ணாவது! பயம்டா" என்றார்.

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இன்றைக்கும் பயம் இருக்கும் இடத்துக்கு நாம் சரியாகப் போகிறோம். எஸ்.பி.எம். பரீட்சைக்கு யாரும் அரை மணி நேரம் கழித்துப் போவதில்லை. ஈப்போ ஸ்டேஷனில் இ.டி.எஸ். ரயில் 'தமிழன் டைம்' பார்க்காது என்று தெரியும். முன்னாலேயே போய் நிற்கிறோம். வேலை இண்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறோம். ஆக, நமக்கு நேரம் பார்க்கத் தெரியாமல் இல்லை. கோயில் கூட்டம், நண்பனின் கல்யாணம், இளைஞர் முகாம், அம்மா சொன்ன வேலை, இங்கேதான் லேட்டு. நம்மைத் தண்டிக்க முடியாதவர்களைத்தான் நாம் காக்க வைக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பெரட்டுக் காலத்தில் காத்திருந்தவன் கூலிக்காரன். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, பெரிய மனுஷன் என்றால் தாமதமாக வருபவன் என்று நாமே ஒரு கணக்கு வைத்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் வரும்வரை மண்டபமே காத்திருக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அந்த மண்டபத்தில் யார் உசத்தி, யார் மட்டம் என்பது தெரிந்துவிடும்.

"கடிகாரமே வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, நம்ம காலக்கணக்கே வேற" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மைதான். கடிகாரத்து எண் மனுஷன் வைத்ததுதான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குத் தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று செய்த மாற்றம். சூரியன் அதே நேரத்துக்குத்தான் வந்தது. "கடிகாரம் மாறுச்சு, மரம் மாறல" என்கிறார் பாட்டி.

ஆனால் இதிலிருந்து எனக்கு வேறு ஒன்று புரிகிறது. 7 மணி என்பது இயற்கையில் எங்கேயும் இல்லை. அது நாம் எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரு பேச்சு. "7 மணிக்கு வர்றேன்" என்று சொல்வது ஒரு வாக்கு. அதனால் தாமதம் முதலில் சத்தியத்தில் இடிக்கிறது. பதஞ்சலி யோக சூத்திரத்தில் சொல்லும் இயமங்கள் ஐந்தில் அகிம்சைக்கு அடுத்து சத்தியம், அதற்கு அடுத்து அஸ்தேயம், அதாவது திருடாமை. பத்து வெள்ளி எடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்தவரின் நாற்பது நிமிடத்தை எடுத்தால் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றால், குற்றவாளி என்ற தகுதி இருக்கிறது.

பல்கலைக்கழக விடுமுறையில் ஈப்போவில் ஒரு கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். சனிக்கிழமை மதியம் 2 மணி. மண்டபச் சாவி என்னிடம். முதல் வாரம் சரியாகப் போனேன். அப்புறம் 2.20, 2.40. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம், ஒரு தே தாரிக். "சும்மாதானே சொல்லிக் கொடுக்கிறோம், கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று மனசுக்குள் ஒரு திமிர். "வந்துகிட்டே இருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் போடும்போது குளிக்கக்கூடப் போயிருக்க மாட்டேன்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று நின்றுவிட்டாள். "நம்ம பிள்ளைங்களுக்கு ஆர்வமே இல்ல" என்று நானே நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள் பசாரில் அவளைப் பார்த்தபோது கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவள் அப்பாவுக்கு ஜாகா வேலை. மகளை மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு 3 மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். மண்டபம் பூட்டியிருந்தால் மகளை ரோட்டோரத்தில் தனியாக விட்டுப் போக மாட்டார். நான் வரும்வரை நிற்பார். இரண்டு முறை வேலைக்கு லேட்டாகி, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். "காசு போனாக்கூடப் பரவால்லண்ணே. 'உங்க ஆளுங்க டைமே இப்படித்தானா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்களாம். அதான் அப்பா வேணாம்னுட்டாரு."

தாமதித்தது நான். பேர் கெட்டது அவருக்கு. ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் மகளைக் கொண்டுவந்து விட்ட மனுஷனுக்கு 'தமிழன் டைம்' பட்டத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். தாமதம் செய்தவனோடு நிற்பதில்லை. தனக்குக் கீழே இருப்பவன் தலையில் போய் இறங்குகிறது. மேல் இருப்பவன் லேட்டாக வந்தால் "பாவம், பிஸி." கீழ் இருப்பவன் லேட்டாக வந்தால் "சோம்பேறி."

அதனால், தாமதமாக வரும் ஒருவரை எப்படிப் பார்ப்பது என்பதிலும் எனக்கு இப்போது ஒரு நிதானம் வந்திருக்கிறது. பஸ் வராமல் நின்றவர் இருக்கலாம். நோயாளித் தாயைக் கவனித்துவிட்டு வருபவர் இருக்கலாம். என்னைப் போல ஒருவனால் தாமதமானவரும் இருக்கலாம். பட்டம் கட்டும் முன் "என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் அந்தச் சலுகையை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் தாமதத்துக்குக் காரணம் கேட்போம். நம்ம தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்போம்.

இளையோரே, பெரிய சபதம் எதுவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தை 6 மணி என்று போட்டால், ஐந்து பேர் இருந்தாலும் 6 மணிக்கு இறைவாழ்த்துப் பாடிவிடுவோம். சரியாக வந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது. விருந்தினர் வரவில்லையா? பிள்ளைகள் ஆடட்டும். லேட்டாகும் என்று தெரிந்தால் முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிடுவோம். "வந்துகிட்டே இருக்கேன்" என்ற பொய் வேண்டாம்.

பாட்டி பயத்தால் நேரத்தைக் காத்தார். நமக்குக் கங்காணி இல்லை. அந்த விடுதலையை அடுத்தவரைக் காக்க வைக்கப் பயன்படுத்தினால், அதே கங்காணி வேலையைத்தான் நாம் நம்ம சனத்துக்குச் செய்கிறோம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "பரவால்ல தம்பி, மணி மட்டும் பார்த்துக்குங்க" என்றார். அவள் திரும்ப வகுப்புக்கு வந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் 1.45-க்கு மண்டபக் கதவு திறந்திருக்கும்.