மூன்று பேனாக்கள்

ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பள்ளி தன்னைத் தயார்செய்துகொள்கிறது. அது பொய்யா, இல்லையா?

அரசுப் பள்ளியில் படித்த யாருக்கும் இந்தத் தயாரிப்பு புதிதல்ல. முந்தின நாளே சுவரில் சார்ட் ஏறிவிடும். கரியும் கோவை இலையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். கேட்கப்போகும் கேள்வியும் அதற்கு எழுந்து பதில் சொல்லப்போகும் பையனும் முன்பே முடிவாகியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிவதற்கு முன்பே அதன் ஃபினாயில் வாசனை நமக்குத் தெரியும்.

இன்று பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வகுப்பறையில் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படுகிறது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. பிறகு ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு. இதெல்லாம் வீண் என்று சொல்கிற ஆள் இல்லை நான். அந்த மடிக்கணினியில் முதல் புரோகிராமை எழுதிப் பார்த்துவிட்டு, இன்று எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்ததை எண்ணிவிடலாம். பயன்பட்டதா என்பதை எண்ண முடியாது. அரைமணி நேரம் வந்து போகிறவரால் ஒரு வருஷத்துப் பழக்கத்தைப் பார்க்க முடியாது. அதனால் பதிவேட்டைப் பார்க்கிறார்.

அந்தப் பதிவேடு ஒருமுறை என் கைக்கு வந்தது. என் பெரியம்மா மகள் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. லேப் பொறுப்பும் அக்காவுடையதுதான். "டேய், சனிக்கிழமை ஊருக்கு வர்றேல்ல? ஸ்கூலுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போடா. வியாழக்கிழமை டீம் வருது" என்று போன் வந்தது. போனேன். பத்துக் கணினிகளில் ஆறுதான் உயிரோடு இருந்தன. யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய், கரண்ட் ஒரு நொடி கண்சிமிட்டினால் ஆறும் சேர்ந்து அணைந்தன. பதிவேட்டில் ஜூன் மாதம் நான்கு வரி எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை.

"மூணு பேனா வச்சு எழுதச் சொல்றாரு ஹெச்.எம். ஒரே மையில இருந்தா ஒரே நாள்ல எழுதுனதுன்னு தெரிஞ்சிருமாம்" என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கி, "சிஸ்டத்துலயும் பழைய தேதியெல்லாம் வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாடா?" என்று கேட்டார்.

எனக்கு அது பத்து நிமிஷ வேலை. மாட்டேன் என்றேன். அக்கா கோபப்படவில்லை. நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா பெருக்கிக் கோலம் போடுறோம்ல? தினமும் இப்படித்தான் இருக்கோம்னு அர்த்தமா அதுக்கு? ஒரு மரியாதைதானே?"

இந்த ஒப்புமையைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. பெருக்குவது பொய் இல்லைதான். அப்படியானால் மூன்று பேனா மட்டும் எப்படிப் பொய்யாகிறது?

என் துறையிலிருந்து ஒரு உதாரணம். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் மாட்டிக்கொண்டது. அதன் டீசல் கார்களில் இருந்த மென்பொருளுக்கு, இப்போது சோதனை நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரியும். சோதனைக்கூடத்தில் சக்கரம் சுழலும், ஸ்டியரிங் மட்டும் திரும்பாது. இப்படிச் சில அடையாளங்களை வைத்து, பரிசோதனை என்று தெரிந்ததும் கார் ஒழுங்காகப் புகை விடும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது.

சோதனைக்குக் கொண்டுபோகும் முன் அந்தக் காரைக் கழுவி, துடைத்து, மாலை போட்டிருந்தால் யாரும் அதை மோசடி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பார்க்க வந்தது காரின் பளபளப்பை இல்லை, புகையை. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. விருந்தாளி வீட்டுத் தரையைச் சோதிக்க வருவதில்லை, நம்மைப் பார்க்க வருகிறார். கோலம் அவருக்கு மரியாதை. சுகாதார அதிகாரி வரும்போது மட்டும் சமையலறையைக் கழுவும் ஹோட்டலை நாம் அப்படிச் சொல்வதில்லை. எதைப் பார்க்க வருகிறார்களோ அதையே மாற்றிக் காட்டினால், தயாரிப்பு அங்கே பொய்யாகிவிடுகிறது. பள்ளி வாசலைப் பெருக்கலாம். பதிவேட்டைப் பெருக்கக் கூடாது.

இதற்கு வரலாறும் உண்டு. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறும் தலைக்கு ஏற்ப அரசுப் பணம் வரும். பணம் வந்தால்தான் ஆசிரியருக்குச் சம்பளம். விளைவு என்ன? பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்தார்கள். கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் பிழைப்புக்காகப் பார்த்த வேலை பள்ளி ஆய்வாளர் வேலை, அதுவும் முப்பத்தைந்து வருஷம். சாமர்த்தியமாகத் தயார்செய்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புத் தேர்வில் தேறவைத்துவிடலாம் என்று அவர் தன் அறிக்கையிலேயே எழுதினார். அந்த முறை முழுதாக ஒழிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் உடனே குட்ஹார்ட் விதியைச் சொல்வார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளியலாளர் 1975-இல் சொன்னது. ஓர் அளவையே இலக்காக மாற்றினால், அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் பிரபலமான வடிவம். உண்மைதான். ஆனால் அது ஒரு விளக்கம் மட்டுமே. மனிதர்கள் இப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்கிறது. அதனால் யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று சொல்வதில்லை.

*

யாருக்கு நடக்கிறது?

முதலில் நினைவுக்கு வருபவர் ஆய்வு அலுவலர். அவரைத்தானே ஏமாற்றுகிறோம்? ஆனால் அவர் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. பலர் ஆசிரியராக இருந்து மேலே போனவர்கள். மூன்று பேனாவை அவர்களும் பிடித்திருப்பார்கள். அன்றைக்கே இன்னும் மூன்று பள்ளி பார்க்க வேண்டும், அவருக்கு மேலே ஒருவர் அறிக்கை கேட்கிறார். நிரம்பிய பதிவேடு அவருக்கும் சௌகரியம். யாரும் ஏமாறவில்லை என்றால் அது பொய்யா? எல்லோரும் தெரிந்தே நடிக்கும் நாடகம்தானே?

நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் சம்மதம் கேட்கப்படாமல் மேடையேற்றப்பட்டவர்கள் பிள்ளைகள்.

அக்கா சொன்னது இது. ஸ்மார்ட் போர்டில் விரலால் தொட்டு செல்லின் பாகங்களைக் காட்ட எட்டாம் வகுப்பில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று நாளாக ஒத்திகை நடந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் எப்போதும் பதில் சொல்லும் பிள்ளைகள்தான். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். ஒத்திகை முடிந்து போர்டுக்கு உறை போடும்போது, பின்பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டானாம்: "டீச்சர், அவங்க வந்துட்டுப் போனப்புறம் நாங்களும் தொடலாமா?"

அந்தப் பையனுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவன் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டான். அறிவு என்பது மேலே இருப்பவர்களுக்குக் காட்டுவதற்கான பொருள், அதைக் காட்டத் தகுந்தவர்கள் சிலர், நாம் கைதட்டுகிறவர்கள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடம், பாடத்திட்டத்தில் இருக்கும் எதையும்விட நன்றாக மனதில் நிற்கும்.

இரண்டாவதாக அநியாயம் நடப்பது அடுத்த வருஷம் அதே லேபுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு. எங்கள் வேலையில் ஒவ்வொரு சிஸ்டமும் தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் லாக் எழுதும். நடு இரவில் ஏதாவது விழுந்தால் அந்த லாகைத்தான் முதலில் திறப்போம். எது நடந்தாலும் 'வெற்றி' என்றே எழுதும் லாக் இருந்தால் அது லாக் இல்லாததைவிட ஆபத்து. கோளாறு இருப்பதே தெரியாது. அந்தப் பதிவேட்டின் வெள்ளைப் பக்கங்கள் ஒரு சேதி சொல்கின்றன. இங்கே பேட்டரி இல்லை, நேரம் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. பேட்டரிக்குப் பணம் கேட்க அந்தப் பள்ளியிடம் இருக்கும் வலுவான சான்று அந்த வெள்ளைதான். மூன்று பேனா அதைத்தான் அழிக்கிறது. வாரம் மூன்று முறை ஓடும் லேபுக்கு யார் பேட்டரி வாங்கித் தருவார்கள்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதாண்டா. ஆனா பக்கம் வெள்ளையா இருந்தா விளக்கம் கேட்டு மெமோ எனக்குத்தான் வரும். பேட்டரி வாங்கித் தராதவங்களுக்கு வராது."

என் வாதத்தின் கனம் அப்போது வேறு பக்கம் சாய்ந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் சர்வர் விழுந்தால் ஒரு கூட்டம் போடுவோம். யார் செய்தது என்று கேட்கக் கூடாது, எப்படி நடந்தது என்றுதான் கேட்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் விதி. நாங்கள் உத்தமர்கள் என்பதால் வந்த விதி இல்லை அது. ஆளைத் தண்டித்தால் அடுத்தமுறை உண்மை வெளியே வராது என்று பட்டுத் தெரிந்துகொண்டதால் வந்தது. அங்கே உண்மை சொல்ல எனக்குச் செலவே இல்லை. அதே உண்மைக்கு அக்கா தன் பணிப்பதிவேட்டால் விலை கொடுக்க வேண்டும். செலவில்லாமல் உண்மை சொல்ல முடிகிறவன், செலவு செய்ய வேண்டியவரைப் பார்த்து நேர்மையாக இரு என்று சொன்னால் அது பாதி அறம்தான். உண்மை சொன்னவரை மட்டும் தண்டிக்கும் ஓர் ஆய்வு, அந்தப் பள்ளியின் பொய்யில் பங்காளி. பெரிய பங்கு அதனுடையது என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை நாங்கள் செய்தது இவ்வளவுதான். பழைய வரிகளை நிரப்பவில்லை. அக்கா தன் பாடக்குறிப்பேட்டையும் வருகைப் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, லேப் நடக்காத ஒவ்வொரு வாரத்துக்கும் காரணத்தைத் தனித்தாளில், அன்றைய தேதி போட்டு எழுதினார். மின்தடை. யூபிஎஸ் பழுது. ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றது. எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் சிரித்துவிட்டார். அந்த லேபில் தினமும் தவறாமல் ஓடிய ஒரே கணினி, எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்காக ஆசிரியர்கள் பயன்படுத்தியது. பிள்ளைகளைப் பற்றிய தகவல் தினமும் மேலே போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள்தான் உள்ளே வரவில்லை. அதையும் எழுதினார். பேட்டரி கேட்டு ஏற்கெனவே அனுப்பிய இரண்டு கடிதங்களின் நகலைத் தேடியெடுத்துப் பின்னால் இணைத்தார். நான் இரண்டு கணினிகளைச் சரிசெய்தேன். எட்டாகின.

வியாழக்கிழமை வந்தவர் தாளை இரண்டு முறை படித்தாராம். போனில் படம் எடுத்துக்கொண்டாராம். பத்து நாள் கழித்து மெமோ வந்தது. அக்கா அதே தாள்களின் நகலை வைத்துப் பதில் அனுப்பினார். இதை எழுதும்வரை பேட்டரி வரவில்லை. நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான், கிடைக்கவில்லை. ஆனால் மெமோவுக்குப் பதில் எழுதும்போது எந்த வரி எந்தப் பேனாவில் எழுதியது என்று அக்கா யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபோக்ஸ்வேகனின் குட்டு வெளிப்பட்டதற்குத் திடீர்ச் சோதனை காரணமில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாதாரணச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கும் அதுதான் வழி. சொல்லாமல் வந்து பிடிப்பதை ஒரு தீர்வாகச் சிலர் சொல்வார்கள். அது எல்லா நாளையும் ஒத்திகை நாளாக்கும், பயத்தைக் கூட்டும். கூடவே பயணிக்க வேண்டும். ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து, முதல் கேள்வியாக 'எது வேலை செய்யல?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொன்னவருக்கு மெமோ வராது என்பதையும் எழுதிக்கொடுத்துவிடலாம்.

அதுவரை தயார்செய்துகொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. நீங்கள் இன்று செய்வது வெள்ளிக்கிழமையும் அங்கே இருக்குமா? கழுவிய கழிவறை இருக்கும் என்றால் கழுவுங்கள். சரிசெய்த கணினி ஓடும் என்றால் சரிசெய்யுங்கள். போர்டைத் துடைத்துவிட்டு, அந்தப் பின்பெஞ்சுப் பையனை புதன்கிழமையே கூப்பிட்டுத் தொடச் சொல்லுங்கள்.