கணக்கில் ஏறாத பிடி

வள்ளியூர் வட்டாரத்து ஊர்களில் திருவிழா என்றால் கபடிக்கும் ஓர் இடமுண்டு. பாடி வந்த இளைஞன் எதிரணியினரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது எழும் ஆரவாரத்தை நாம் அறிவோம். அவனை எதிர்த்து நிற்கும் எழுவரில் 'கவர்' நிலையில் நிற்பவனை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

ஓரத்தில் நிற்கும் 'கார்னர்' ஆட்டக்காரன் பாய்ந்து கணுக்காலைப் பற்றுகிறான். அந்தக் கணத்தில் அவன் தனியன். பாடி வந்தவன் ஓர் உதறு உதறினால் பிடி நழுவிவிடும். அப்போது கவர் ஆட்டக்காரன் தன் உடலாலே மோதி, கோட்டுக்குச் செல்லும் வழியை அடைக்கிறான். முழங்கை முகத்தில் படுவதுமுண்டு. புள்ளி அணிக்குக் கிடைக்கிறது. கணக்கிலோ முதலில் பிடித்தவன் பெயரே ஏறுகிறது. அமெரிக்கக் கால்பந்திலும் பந்து எறிபவனைக் காக்க ஐவர் அரணாக நிற்கின்றனர். நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவனைத் தவிர, ஏனையோர் பந்தைத் தொடுவதே அரிது.

தாமிரபரணிப் பகுதியின் மணத்தியில் பிறந்து, 1995-இல் அர்ச்சுனா விருது பெற்ற கணேசனைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம், அது தகும். ஆயினும் ஊர் மைதானத்தில் அவரோடு தோள் சேர்த்து நின்றவர்களின் பெயர்களை யார் சொல்வார்? தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் பிடிப்பதையே தம் கலையாகக் கொண்டவர். அவர் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது நாற்பதைக் கடந்திருந்தார். பிடிப்பவரை உலகம் காணச் சற்றுக் காலம் பிடிக்கிறது.

இங்கே நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "மனிதர் காணாவிட்டாலும் கடவுள் காண்கிறார்." உண்மைதான். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? மறைவாய் அறம் செய்யுமாறு மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் பணித்தது, கொடுப்பவருக்கு; பார்த்திருப்பவருக்கன்று. தன்னை மறைத்துக்கொள்வது புண்ணியம். பிறரை மறைத்துவிட்டு அதையே அவருக்குப் புண்ணியமாக எடுத்துரைப்பது அநீதி. கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாரும், உடலின் வலுவற்ற உறுப்புகள் தேவையானவை என்பதோடு நிற்கவில்லை. மதிப்புக் குறைந்தவையென நாம் எண்ணும் உறுப்புகளுக்கே மிகுந்த மதிப்பளிக்கிறோம் என்றும் சுட்டிக் காட்டுகிறார். (நம் ஆலயங்களில் குழல்விளக்கின் ஒளியைப் பாதி மறைக்கும் அளவுக்கு 'உபயம்' எழுதுகிறோம், அவ்விளக்கின் கீழே தரை கூட்டும் தாயின் பெயரை எங்கும் எழுதுவதில்லை.)

இது வெறும் புகழ் பற்றிய பேச்சன்று. இரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று நம் இளைஞர் பலர் முழங்கால் தேய ஆடுகின்றனர். தேர்வாளர் புள்ளிப் பட்டியலை மட்டும் புரட்டினால், கவர் நிலையில் நின்ற ஏழை வீட்டுப் பையன் பத்தாண்டு உழைத்தும் வெறுங்கையோடு திரும்புவான். பிறகு எந்தத் தகப்பன் தன் மகனை அந்த இடத்தில் நிற்கச் சொல்வான்?

பங்குத் திருவிழாக் கபடியில் நன்றாய்ப் பாடியவருக்கும் நன்றாய்ப் பிடித்தவருக்கும் கோப்பை கொடுக்கிறோம். மூன்றாவதாக ஒன்று வையுங்கள். யாருக்கு என்பதைப் புள்ளி எழுதுபவரன்று, உடன் ஆடியவர்களே சொல்லட்டும். தொகை சிறிதாயினும், அவன் பெயரைத் தாய் தந்தையர் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் ஒலிபெருக்கியில் இருமுறை வாசியுங்கள்.